தோள் மாறாத சால்வை

என் இரண்டு கண்கள் மீதும் சத்தியம். இதில் ஒரு வார்த்தை பொய்யென்றால் அவை அவிந்து போகட்டும். அறுபத்தெட்டு வயதில் ஒருவன் இதைவிடப் பெரிய பொருளைப் பணயம் வைக்க முடியாது. பற்களை ஏற்கெனவே வேறொரு சத்தியத்தில் இழந்துவிட்டேன்.

நான் நாடகத்துக்கு லைட் போடுகிறவன். முப்பத்தொரு வருஷமாக ஒரே அரங்கம். முன்பு அது கட்டிலும் பீரோவும் அடுக்கிவைத்த கிடங்காக இருந்தது. மாடியில் எண்பத்து நான்கு நாற்காலிகள், ஒரு மேடை, ஒரு பின்கதவு, சுவரின் உச்சியில் ஒரு எக்ஸாஸ்ட் ஃபேன். கூரை தாழ்வு. உயரமான நடிகர்கள் எங்களிடம் நிலைத்ததில்லை. ஒருவர் மட்டும் இரண்டு வருஷம் தாக்குப்பிடித்தார். விலகிப் போகும்போது நான்கு அங்குலம் குறைந்திருந்தார்.

நான் உட்காரும் பலகைத் தட்டு அரங்கின் கடைசியில், மேடை விளிம்பிலிருந்து நாற்பத்திரண்டு அடி தூரத்தில் இருக்கிறது. நாடா பிடித்து நானே அளந்தது. அங்கிருந்தே நடிகரின் சட்டையில் எத்தனையாவது பட்டன் மாறியிருக்கிறது என்று சொல்லிவிடுவேன். ஒருமுறை வில்லனின் காலரில் ஊர்ந்த எறும்பு இடது முன்காலை நொண்டுவதைக் கவனித்தேன். காட்சி முடிந்ததும் பிடித்துப் பார்த்தோம். நொண்டிதான்.

இப்படிப்பட்டவனிடம்தான் டைரக்டர் ஒருநாள் வந்து, கலங்கரை விளக்கத்தைப் பற்றி ஒரு நாடகம் எழுதியிருப்பதாகச் சொன்னார். விளக்கைக் காவல் காக்கும் ஒரு பெண்மணி. கடைசிப் பதினோரு நிமிஷம் அவள் தனியாக நின்று பேசுகிறாள்; விளக்கு அவளைச் சுற்றிக்கொண்டே இருக்கிறது.

"லைட்டு, அந்த வெளிச்சம் சுத்தறது ஜனங்களுக்குத் தெரியணும். காத்துல ஒரு கம்பு மாதிரி நிக்கணும்."

"வெறும் காத்துல வெளிச்சம் நிக்காதுங்க. லேசா புகை வேணும்."

"போடு."

"உங்க கதாநாயகிக்கு மூச்சு வேணும்."

"அதையும் போடு."

கதாநாயகி என் தங்கை. ஐம்பத்தாறு வயது. முப்பது வருஷம் எங்கள் குழுவில் கதவு திறந்தாள், தட்டு ஏந்தினாள், "ஐயா வந்துட்டாருங்க" என்ற ஒரே வசனத்தைப் பதினோரு நாடகங்களில் பேசினாள். ஐயா வருவதை அவளைப் போல அறிவிக்க ஆளில்லை. சில ஐயாக்கள் அவள் சொன்ன பிறகுதான் தாங்கள் வந்துவிட்டதையே நம்பினார்கள். முதல்முறையாக மேடை முழுவதும் அவளுக்கு என்று எழுதப்பட்டிருந்தது. ஆனால் சின்ன வயதிலிருந்தே அவளுக்கு வீசிங். வீட்டில் ஒட்டடை அடிக்கிற நாளில் பக்கத்துத் தெருவுக்குப் போய் உட்கார்ந்துகொள்வாள்.

மிஷின் வாங்கும் பொறுப்பு எனக்கு வந்ததும் முதலில் கவலைப்பட்டவர் அவள் கணவர். மாப்பிள்ளை தராசு ரிப்பேர் பார்ப்பவர். பேச்சையும் நிறுத்துப் பார்த்துத்தான் வெளியே விடுவார்.

"மச்சான், நீங்க பாத்து வாங்குனா சரியாத்தான் இருக்கும். போன தடவ பாத்து வாங்கிக் குடுத்தீங்களே, பிரஷர் குக்கர்? அதோட மூடி இன்னும் எங்க சீலிங்லதான் இருக்கு."

"அது குக்கர் தப்பில்ல மாப்ள. சீலிங் தாழ்வு."

"எதுக்கும் அவளையும் கூட்டிட்டுப் போங்க."

போனோம். ஸ்பீக்கரும் கலர் விளக்கும் விற்கிற கடை. கடைக்காரர் முதலில் காட்டியது எண்ணெயில் ஓடுகிற மிஷின். புகை அருமை. கால் மணி நேரம் ஓடியது. அறையில் விழுந்த வெளிச்சம் அப்படியே உறைந்து நின்றது. நான் என் குடையை அதில் மாட்டிவிட்டு மற்ற சாமான்களைப் பார்க்கப் போனேன். திரும்பி வந்தபோது குடை அங்கேயே தொங்கியது. ஆனால் தரையில் கண்ணுக்குத் தெரியாத எண்ணெய்ப் படலம். கடைக்காரர் கல்லாவிலிருந்து எழுந்து ஒரு அடி வைத்தார். வழுக்கிக்கொண்டே வாசல்வரை போனார். போகிற வழியில் இரண்டு வாடிக்கையாளருக்கு விலையும் சொன்னார்.

"இது வேணாம். ரெண்டாவது சீன்ல நான் ஓடணும்," என்றாள் தங்கை. அவள் ஏற்கெனவே கைக்குட்டையால் மூக்கைப் பொத்தியிருந்தாள்.

இரண்டாவது, டிரை ஐஸ் போடுகிற பெட்டி. புகை தரையோடு தரையாகப் படர்ந்தது. பார்க்க மேகத்தில் நிற்பது போல. கடைக்காரர் கணுக்கால் உயரத்தில் ஒரு மெழுகுவத்தியை வைத்தார். அணைந்துவிட்டது. அலமாரிக்கு அடியிலிருந்து ஒரு எலி வந்தது, எங்களைப் பார்த்துக் கொட்டாவி விட்டது, முன்கால்களை மடித்துத் தலைக்கு வைத்துப் படுத்துக்கொண்டது. காற்றாட வெளியே தூக்கி வைத்த பிறகுதான் எழுந்து, கோபமாகப் போனது.

"கீழ தேங்கற வாயு அது. நல்ல மூச்சுக் காத்த ஒதுக்கிடும்," என்றார் கடைக்காரர். "பெரிய மேடைன்னா சமாளிக்கலாம். உங்க மாதிரி பொட்டி ஹாலுக்கு நான் தரமாட்டேன். மூணாவது சீன்ல யாராச்சும் செத்து விழற மாதிரி இருக்கா?"

"ரெண்டு பேர்."

"எந்திரிக்கணும்ல?"

மூன்றாவதுதான் எங்களுக்கானது. தண்ணீர் கலந்த திரவத்தில் ஓடுகிற சின்ன ஹேஸ் மிஷின். புகை என்றே சொல்ல முடியாது. காற்றுக்குக் கொஞ்சம் நரைத்தது போல, அவ்வளவுதான். ஒரு கண்ணாடித் துண்டை ஒரு மணி நேரம் எதிரே வைத்துத் துடைத்துப் பார்த்தோம், பிசுக்கு இல்லை. அந்தக் கம்பெனித் திரவத்தைத் தவிர வேறு எதையும் ஊற்றக் கூடாது என்றார். திரவத்தோடு வந்த பாதுகாப்புத் தாளை வாங்கி நானே படித்தேன். பொடி எழுத்து. கண்ணாடி இல்லாமல், கை நீட்டும் தூரத்தில் பிடித்துக் கடைசி வரி வரைக்கும் படித்தேன். கடைக்காரர் பக்கத்தில் நின்று உரக்க வாசித்தது அவருடைய சொந்தத் திருப்திக்கு.

"ஐயா, இதுவும் எல்லாருக்கும் ஒத்துக்கும்னு சொல்லமாட்டேன்," என்றார் வாசித்து முடித்து. "தொண்டை காயும். வீசிங் இருக்கறவங்களுக்குக் கூடுனா இழுக்கும். மிஷின் பாதி, ரூம் பாதி. ஃபேன் ஓடணும். புகையக் கூட்டற இந்தத் திருக ரெண்டுக்கு மேல ஏத்தாதீங்க."

அரங்கத்துக்குக் கொண்டுவந்து, ஃபேனை ஓடவிட்டு, பின்கதவைப் பாதி திறந்து, திருகை இரண்டில் வைத்தோம். தங்கை மிஷினுக்கு எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்து முழு வசனத்தையும் இரண்டு தடவை சத்தமாகப் பேசினாள். மாப்பிள்ளை இன்ஹேலரைக் கையில் வைத்துக்கொண்டு அவள் முகத்தையே தராசு முள்ளைப் பார்ப்பது போலப் பார்த்துக்கொண்டிருந்தார். முள் அசையவில்லை.

"ஒண்ணும் செய்யல அண்ணா," என்றாள். சிரித்தாள். ஐம்பத்தாறு வயதில் அப்படி ஒரு சிரிப்பை அவள் எங்கே வைத்திருந்தாள் என்று தெரியவில்லை.

மிஷினின் திருகும் ஃபேன் சுவிட்சும் ஒயர் இழுத்து என் பலகைத் தட்டில் வைக்கப்பட்டன. அவள் ஏறி வந்து என் பக்கத்தில் நின்றாள்.

"தோ பாரு அண்ணா. திருகு ரெண்டு. ஃபேன் எப்பவும் ஓடணும். எனக்கு மூச்சு இறுகுச்சுன்னா சால்வைய எடத் தோள்ல இருந்து வலத் தோளுக்கு மாத்துவேன். உடனே நிறுத்திடு."

"நீ இமையை அசைச்சாலே எனக்குத் தெரியும்."

"இமையெல்லாம் வேணாம். சால்வைய பாரு, போதும்."

டைரக்டர் மேடை ஓரத்தில் இன்னொருவரை நிறுத்திப் பார்த்துக்கொள்ளச் சொல்லலாமா என்று கேட்டார். நான் இரண்டு நாள் அவரோடு பேசவில்லை. என் கண் இருக்கும்போது இன்னொரு கண்ணா? முப்பத்தொரு வருஷத்தில் கண்ணை மூடிக்கொண்டுகூட அந்த லைட் போர்டை ஓட்டியிருக்கிறேன். எந்த வசனத்துக்கு எந்த ஃபேடரைத் தள்ளி வெளிச்சத்தைக் கூட்ட வேண்டும் என்று விரலுக்குத் தெரியும்.

வெள்ளிக்கிழமை முதல் காட்சி. திருகு இரண்டில், ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. விளக்கு சுற்ற ஆரம்பித்தது. வெளிச்சக் கதிர் ஒரு நூல் அளவுகூடத் தெரியவில்லை. பதினோரு நிமிஷமும் நான் அதைத் தேடிக்கொண்டே இருந்தேன். முடிந்ததும் டைரக்டர் ஓடிவந்து என்னைக் கட்டிப்பிடித்தார்.

"கம்பு மாதிரி நின்னுச்சுய்யா! கைய வச்சா வெட்டிடும்போல!"

நல்ல மனிதர். வயசானவன் மனம் நோகக் கூடாது என்று அப்படிச் சொல்கிறார் என்று புரிந்துகொண்டேன்.

சனிக்கிழமை திருகை நான்குக்கு ஏற்றினேன். அன்றைக்கும் ஒன்றுமில்லை. ஆனால் டைரக்டர், "லைட்டு, இன்னிக்குக் கொஞ்சம் ஜாஸ்தி," என்றார்.

"ஜாஸ்தியா? ஒருதடவ கண்ண காட்டுங்க. அதுக்குன்னு டாக்டருங்க இருக்காங்க. நல்லவங்க. சீட்டெல்லாம் எழுதித் தராங்க."

தங்கை உடை மாற்றும் அறையில் சுடுதண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள். நடுவில் இரண்டு இருமல்.

"அண்ணா, ரெண்டுலதான வச்ச?"

"ரெண்டுலதான்."

இது அவளிடம் சொன்ன பொய். உங்களிடம் சொல்லவில்லை. ஆகவே சத்தியம் அப்படியே நிற்கிறது.

அவள் மறுபடி கேட்கவில்லை. அண்ணன் சொன்னால் அதற்குமேல் கேட்காத பழக்கம் அவளுக்கு. அவள் இன்னொரு தடவை கேட்டிருந்தால் சொல்லியிருப்பேனா என்று இப்போதும் யோசிக்கிறேன். தினம் வேறு வேறு பதில் வருகிறது.

ஞாயிற்றுக்கிழமை மாலை ஆறரைக் காட்சி. உட்கார்ந்து நிதானமாகக் கணக்குப் போட்டேன். மிஷின் நல்ல மிஷின். புகை வருகிறது, ஆனால் நிற்கவில்லை. அப்படியானால் திருடன் யார்? ஃபேன். சுவரில் உட்கார்ந்துகொண்டு என் வெளிச்சத்தை எல்லாம் உறிஞ்சி வெளியே தள்ளிக்கொண்டிருக்கிறது. போதாக்குறைக்கு அதன் கடகடச் சத்தம் வேறு வசனத்தின் குறுக்கே வருகிறது. கடைசிக் காட்சிக்கு முன்னால் ஃபேனை நிறுத்தினேன். திருகை ஆறில் வைத்தேன். பதினோரு நிமிஷம்தானே.

அரங்கத்தில் இருமல் கிளம்பியது. மூன்றாவது வரிசையில் ஒருவர் பக்கத்து நாற்காலி அம்மாளைத் தன் மனைவி என்று நினைத்து, "வீட்டுச் சாவி எங்க?" என்று கேட்டார். அந்த அம்மாளும் தன் கணவர் என்று நினைத்து எடுத்துக் கொடுத்துவிட்டார். ஒருவர் கழிப்பறைக்கு என்று எழுந்து போனவர், புகை கலைந்ததும் பார்த்தால் கலங்கரை விளக்கத்தின் உள்ளே உட்கார்ந்திருந்தார்.

எனக்கு அப்போதுதான் கதிர் தெரிந்தது. திரிந்த பால் போல, கரையில்லாமல், வெள்ளையாக ஏதோ ஒன்று மெல்லச் சுற்றியது. அழகாக இருந்தது. அதைச் சொல்லாமல் விட்டால் சத்தியம் கெடும். மூன்று நாளில் முதல்முறையாக நான் என் வேலையைப் பார்த்தேன், சந்தோஷப்பட்டேன்.

தங்கை பேசிக்கொண்டிருந்தாள். நான்கு நிமிஷம் போனது. குரல் மெலிந்தது. வார்த்தைகளுக்கு நடுவே இடைவெளி விழுந்தது. முப்பது வருஷத்தில் அவள் அப்படிப் பேசிக் கேட்டதில்லை; கிழவி ஒருத்தி தனியாக நின்று கடலிடம் பேசுவது போலவே இருந்தது. எனக்கு உடம்பு சிலிர்த்தது. இவ்வளவு நடிப்பை உள்ளே வைத்துக்கொண்டா இத்தனை காலம் ஐயா வந்துவிட்டார் என்று சொல்லிக்கொண்டிருந்தாள்?

"கப்பல் வருதா, வரலையான்னு... வெளக்குக்குத் தெரியாது," என்றாள். "அது பாட்டுக்கு..."

நிறுத்திவிட்டாள். 'சுத்தும்' என்பதுதான் அடுத்த வார்த்தை. வரவில்லை. நான் காத்திருந்தேன். அரங்கம் முழுதும் காத்திருந்தது. யாரோ ஒருவர் கை தட்டினார். இன்னும் சிலர் சேர்ந்துகொண்டார்கள். நானும் தட்டினேன்.

நான் அவளைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. சால்வை இடத் தோளில்தான் இருந்தது. அசையவே இல்லை. அதன் ஓரத்தில் பிரிந்து தொங்கிய ஒரு நீல நூலைக்கூடப் பார்த்தேன். சால்வை மாறியிருந்தால், எறும்பின் கால் நொண்டுவதைப் பார்த்தவனுக்கு அது தெரியாமல் போகுமா?

"கதவத் தெறங்க! லைட்டப் போடுங்கய்யா!"

அது மாப்பிள்ளையின் குரல். வாழ்க்கையில் அவர் நிறுக்காமல் பேசிய முதல் பேச்சு. முன்வரிசையிலிருந்து மேடைக்கு எட்டு அடி. அந்தப் புகையில் அவர் அதைத் தாண்ட இரண்டு தடவை நாற்காலியில் மோதி விழுந்தார். டைரக்டர் என் தட்டில் ஏறி, என் கையைத் தட்டிவிட்டுத் திருகை அணைத்தார், ஃபேனைப் போட்டார். ஆறு என்ற எண்ணைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மேடைக்கு ஓடினார். திட்டியிருக்கலாம்.

புகை கலைந்தபோது தங்கை மேடையில் உட்கார்ந்திருந்தாள். இரண்டு கையையும் தரையில் ஊன்றி, தோள்கள் ஏறி ஏறி இறங்க, மாப்பிள்ளை பிடித்திருந்த இன்ஹேலரை உறிஞ்சிக்கொண்டிருந்தாள். படியிறங்க முடியவில்லை. நாற்காலியோடு தூக்கிப் போனார்கள். மூன்றாவது வரிசைக்காரர் அந்த அம்மாளிடம் சாவியைத் திருப்பிக் கொடுத்தார்.

ஆஸ்பத்திரியில் எட்டு நாள். நாடகம் அந்த மூன்று காட்சியோடு நின்றது. இப்போது அவள் மாடிப்படி ஏறுவதில்லை. அரங்கம் மாடியில் இருப்பதால் அதைப் பற்றிய பேச்சும் அங்கேயே முடிந்துவிட்டது. பேசும்போது நாலைந்து வார்த்தைக்கு ஒருமுறை நிற்கிறாள். 'சுத்தும்' என்ற அந்த ஒரு வார்த்தை பாக்கி நிற்கிறது.

கடைக்காரரிடம் போய் மிஷினைத் திருப்பிக் கொடுக்கப் பார்த்தேன். அவர் பிரித்துப் பார்த்துவிட்டு, "மிஷின்ல ஒரு குறையும் இல்லீங்களே," என்றார். இல்லைதான். மூன்றில் நல்லதைத்தான் தேர்ந்தெடுத்தேன். அதை யாரிடம் போய்ச் சொல்வது?

போன வாரம் தங்கை வீட்டுக்குப் போயிருந்தேன். துவைத்து வந்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். அந்தச் சால்வையும் அதில் இருக்கிறது என்று அவள் சொன்னாள்.

"அண்ணா, அன்னிக்கு மூணு தடவ மாத்துனேன்."

"மாத்தல."

"எடத்துல இருந்து வலத்துக்கு. திரும்பி எடத்துக்கு. மறுபடி வலத்துக்கு. கொடி ஆட்டற மாதிரி..." மூச்சு வாங்கினாள். "ஆட்டுனேன்."

"நான் பாத்துட்டே இருந்தேம்மா."

"பாத்துட்டே இருந்தியா?"

"பாத்துட்டேதான் இருந்தேன்."

துணி மடிக்கும் சத்தம் நின்றது. மூச்சுக்காக நின்றாளா, வேறு எதற்காகவோ நின்றாளா, தெரியவில்லை.

"சரி," என்றாள். "அப்ப நாந்தான் மாத்தல போலிருக்கு. டீ குடிக்கிறியா?"

மாப்பிள்ளை டீ கொண்டுவந்தார். வழக்கமாக டம்ளரை மேசையில் வைத்துவிட்டுப் போகிறவர், அன்றைக்கு அதை என் விரலில் படும்வரை கொண்டுவந்து, நான் பிடித்துக்கொண்டேன் என்று தெரிந்த பிறகே கையை எடுத்தார். இந்தப் புது மரியாதை எனக்குப் பிடிக்கவில்லை. குக்கர் மூடியைப் பற்றி ஏதாவது சொல்லுங்கள் மாப்பிள்ளை என்று கேட்கத் தோன்றியது. கேட்கவில்லை. டீயைக் குடித்தேன். சர்க்கரை சரியாக இருந்தது.

சத்தியம் செய்தவன் எதையும் மறைக்கக் கூடாது. மிஷினோடு வந்த அந்தப் பாதுகாப்புத் தாளுக்குள் இன்னொரு சீட்டையும் மடித்து வைத்திருக்கிறேன்: முதல் காட்சிக்குப் பன்னிரண்டு நாள் முன்பு கண் டாக்டர் எழுதித் தந்தது, இரண்டு கண்ணிலும் புரை முற்றியிருக்கிறது, ஆறு அடிக்கு அப்பால் காட்டிய விரல்களை எண்ண முடியவில்லை என்று அதில் இருக்கிறது.